கதவைத் தாங்கிய கழுதை

அந்தக் கடலோர ஊரில், லத்தீன் வகுப்பில் யாருக்கு எந்தக் கதை வருகிறதோ அவர் அந்தக் கதையின் மிருகமாகிவிடுவார். வகுப்பு கதையின் நீதியைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்குப் போகலாம். மற்றபடி நல்ல வகுப்பு.

செலஸ்தீனாவின் புருஷன் மிக்கேலுக்குக் கழுதை வந்தது. காற்று நுழையாதபடி ஒரு கதவில் முதுகைச் சாய்த்து நின்ற கழுதை. காற்று என்றோ ஓய்ந்துவிட்டது. கழுதை நகரவில்லை. அவ்வளவுதான் கதை. மிக்கேல் வகுப்பறைக் கதவில் போய்ச் சாய்ந்தார். காது நீண்டது. வேட்டி சட்டை அப்படியே இருந்தன.

அன்று மகள் ரெஜினாவுக்குக் கோயிலில் மூன்றாம் ஓலை. மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். மூன்றாவதில் பெண்ணின் தகப்பன் எழுந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கல்யாணம் இல்லை. முதல் மணி அடித்துவிட்டது. செலஸ்தீனா பட்டுச்சேலையோடு ஜன்னல் வழியாக உள்ளே குதித்தாள். வேறென்ன செய்வாள் பாவம், கதவில்தான் கழுதை நிற்கிறதே.

"வாரியளா இல்லியா?" என்றாள்.

"நீதி சொன்னாத்தான் விடுவேன்," என்றார் கஸ்பார் வாத்தியார்.

"வீண் பிடிவாதம் கூடாது," என்றார் ஐஸ் கம்பெனி லாசர். வாத்தியார் தலையாட்டி மறுத்தார். அதையே லத்தீனில் சொல்லிப் பார்த்தார் லாசர். அதுவும் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் அறை கொஞ்சம் நீண்டது. வாத்தியார் இப்போது வெகு தொலைவில் ஒரு பொட்டாகத் தெரிந்தார்.

செலஸ்தீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, காத்துதான் எப்பவோ நின்னுட்டே. என்னத்தத் தாங்குதீய?"

"கதவு தொறந்தா புள்ள போயிருவா," என்றார் மிக்கேல்.

"அது கதையில இல்லியே!" என்று தூரத்திலிருந்து வாத்தியார் கத்தினார்.

செலஸ்தீனாவுக்கு அழுகை முட்டியது. அவளும் போய்ப் புருஷன் பக்கத்தில் முதுகைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் காது நீண்டது. தலையில் வைத்திருந்த பூ நழுவி விழுந்தது. இரண்டாம் மணி அடித்தது. இருவரும் இன்னும் அழுத்தி நின்றார்கள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"அப்பா, அம்மா, உள்ள என்ன செய்தீய?" ரெஜினாவின் குரல்.

"சும்மாதான் நிக்கோம்."

"வெளிய கொண்டி போட்டுக் கெடக்கு. நீங்க என்னத்துக்குத் தாங்கிக்கிட்டு?"

கொண்டியை எடுத்தாள். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தாயும் தகப்பனும் மல்லாக்கத் தெருவில் விழுந்தார்கள். மிக்கேல் கையை ஊன்றி, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

எதிரே கோயில் வாசலில் நின்ற உபதேசியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தகப்பனார் எந்திச்சு நிக்காவ!"

கோயில் மணி விடாமல் அடித்தது. உள்ளே எல்லோரும் கைதட்டினார்கள். ரெஜினாவின் முகம் மலர்ந்தது. மிக்கேல் அவளைப் பார்த்தார். பிறகு சட்டென்று தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் நிக்கலியே," என்றார்.