நூறு சதவீதத்தில் ஓர் அந்துப்பூச்சி

…அப்படியானால் கோளாறு என் கண்ணில் இல்லை, ஏனென்றால் சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரிகிறது, இரண்டே முக்கால், அதற்குக் கீழே காலண்டரில் தேதி தெரிகிறது, தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்கூடத் தெரிகிறது, லேப்டாப் திரையில் உள்ள அந்துப்பூச்சி மட்டும் யாரோ எச்சில் தொட்டு அழித்த பென்சில் படம் மாதிரி இருக்கிறது. சட்டை நுனியால் திரையைத் துடைத்தேன், பூச்சி தெளியவில்லை, சட்டை அழுக்கானதுதான் மிச்சம். மென்பொருளை மூடித் திறந்தேன். லேப்டாப்பையே அணைத்து உயிர்ப்பித்தேன், அது எழுந்து வர ஆறு நிமிடம், அந்த ஆறு நிமிடமும் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், அவள் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம், மூச்சுக்கு என்ன பதில் சொல்வது? படத்தைத் திறந்தேன். அதே பூச்சி, அதே மங்கல். மாறாத கொள்கை உள்ளவர்களை எனக்குப் பிடிக்கும், பூச்சியிடம் இப்போது அதை எதிர்பார்க்கவில்லை.

நான்கு மணி, நான்கு மணிக்குப் பூதக்கண்ணாடி பதிவேட்டை மூடிவிடுவார். பூதக்கண்ணாடி என்பது அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவின் தலைவர், கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும், சாப்பிடும்போதும் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். அக்கா அங்கே நான்கு வருடமாகத் தற்காலிகப் பணி, செத்த பூச்சிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை, எல்லாச் சீட்டிலும் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும், எழுதியவள் பெயர் இருக்காது. முந்தாநாள் காலையில் அருங்காட்சியகத்தின் பின்சுவர்க் கொடியில் இதைப் பார்த்திருக்கிறாள், அறுபது வருடமாக இந்தப் பக்கம் யாரும் பார்க்காத இனம், இதன் அண்ணன் தம்பி வகையறா எல்லா விளக்கையும் சுற்றி வரும், அவற்றின் பின்னிறகில் இரண்டு வெள்ளிக் கோடு, இதற்கு மூன்று. மூன்றாவது கோடு படத்தில் தெரிந்தால் பதிவேட்டில் அக்காவின் பெயர். தெரியாவிட்டால் 'பார்த்ததாகச் சொல்லப்படுகிறது', அவ்வளவுதான், கிசுகிசுப் பத்தி மாதிரி. பிடித்து ஜாடியில் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை, போடுவதுதான் அங்கே வழக்கம், இவள் போடவில்லை. ஏன்க்கா என்று கேட்டதற்கு, "ஒண்ணே ஒண்ணுதான்டா இருந்துச்சு" என்றாள், ஏதோ கடைசிப் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிரிவு மொத்தமும் சிரித்ததாம், பெயர்ப்பலகையை மாற்றிப் பூச்சிகள் தங்கும் விடுதி என்று எழுதிவிடலாம் என்றார்களாம், நல்ல நகைச்சுவைதான், நான் சொல்லியிருக்க வேண்டியது.

ஜாடிக்குப் பதில் என்னைக் கூப்பிட்டாள். கல்லூரிப் புகைப்படக் கழகத்தின் கேமராவை, கழகத்துக்குத் தெரியாமல், எடுத்துக்கொண்டு ஓடினேன். பூச்சி இலையில் முன்னிறகை மூடிப்போட்டு உட்கார்ந்திருந்தது, பின்னிறகு உள்ளே, கோடுகளும் உள்ளே. திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இலை நிழலில் இருந்ததால் அக்கா இடது கையால் கொடியை மெல்ல வளைத்து வெயிலுக்குக் கொண்டுவந்து பிடித்தாள், பதினொரு நிமிடம், நான் முழங்காலில் நின்றுகொண்டு ஆடாதக்கா, ஆடாதக்கா என்று மந்திரம் சொன்னேன். ஒரே ஒரு தடவை திறந்தது, அதுவும் பறப்பதற்காக. நூற்று நாற்பது படம், அதில் நூற்று முப்பத்தொன்பதில் மூடிய பூச்சி அல்லது வெறும் இலை. மிச்சம் இந்த ஒன்று. பிறகு அவள் குழாயடியில் வெகுநேரம் கையை நனைத்துக்கொண்டு நின்றதும், ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டர், பூச்சி பிழைச்சுக்குமா என்று நான் கேட்டதும், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையாலேயே பையைத் தூக்கி, பூட்டைத் திறந்து, மகாராணி மாதிரி நடந்ததும்… இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன், மணி மூன்று பத்து.

"நீ கையை ஆட்டிட்ட" என்றேன், மூன்றாவது தடவையாக. "ஆட்டல" என்றாள். "அப்போ எப்படி இப்படி வரும்? இலை தானா டான்ஸ் ஆடுச்சா?" "நீ ஒழுங்கா ஃபோகஸ் பண்ணியிருக்க மாட்டே, எருமை." "எருமை ஒழுங்காத்தான் பண்ணுச்சு, எருமையோட அக்காதான் ஆட்டிட்டா." அவள் சிரிக்கவில்லை. உள்ளறையிலிருந்து அம்மா, "அங்க என்ன சத்தம், பூச்சி வந்துடுச்சா?" என்று கேட்டாள், "இன்னும் வரலம்மா" என்றேன், அது முழு உண்மை. கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றால் கேமராவை நேற்றே, அதுவும் கழகத்துக்குத் தெரியாமல், திருப்பி வைத்தாகிவிட்டது. இந்தக் கோப்பை இந்த மென்பொருளைத் தவிர வேறெதுவும் திறக்காது. இணையத்தில் தேடினேன், முன்னோட்டப் படம் மங்கலாகத் தெரிகிறது, என்ன செய்ய? ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், கீழே அவரே பதிலும் போட்டிருக்கிறார்: 'சரியாகிவிட்டது, நன்றி.' எப்படி என்று சொல்லவில்லை. எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும், அவர் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வராமல் போகட்டும். கூர்மையைக் கூட்டும் பட்டையை இழுத்தேன், பூச்சி துருப்பிடித்த தகரமானது. பெரிதாக்கினேன், மங்கல் பெரிதானது. ஆட்டிவிட்டாள், சந்தேகமே இல்லை, இதை எப்படித் திரும்பவும் சொல்வது, நான்கு வருடம் அடுத்தவர் பெயரை எழுதியவளிடம்…

அப்போதுதான் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒன்று உறைத்தது, இலையும் மங்கல், இலைக்குப் பின்னால் உள்ள சுவரும் அதே அளவு மங்கல், அடுத்த படத்தில் வெறும் இலை, அதுவும் மங்கல். கை ஆடினால் ஒரு பக்கமாக இழுபடும், ஃபோகஸ் தவறினால் வேறெங்காவது கூர்மையாக இருக்கும், இங்கே உலகமே ஒரே மாதிரி சமத்துவமாக மங்கியிருக்கிறதே? பட்டியல் பட்டியலாகத் திறந்தேன், அமைப்புகள், அதற்குள் செயல்திறன், அதற்குள் முன்னோட்டத் தரம்: மிகக் குறைவு. யார் இந்த வேலையைச் செய்த அயோக்கியன் என்று பார்த்தால், நான். போன மாதம், கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்காக, முதல்வரின் தலையைத் தண்ணீர்க் குழாய் மேல் ஒட்டும்போது லேப்டாப் முனகியது, முதல்வருக்கு இவ்வளவு தெளிவு எதற்கு என்று நானே குறைத்து வைத்தேன். ஆக, முந்தாநாள் முதல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது படமே இல்லை, படத்தின் ஓர் அவசர நகல். முழுத் தரம் என்று மாற்றினேன், பழைய முன்னோட்டங்களை அழித்தேன், நூறு சதவீதம் அழுத்தினேன். மணி மூன்று இருபத்தெட்டு. திரையின் அடியில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது, லேப்டாப் மூச்சு வாங்கியது, அக்கா மூச்சை நிறுத்தினாள்.

கட்டம் கட்டமாக வந்தது. முதலில் இலையின் ஒரு நரம்பு, பிறகு நரம்பின் மேல் உள்ள மயிர்கள், இலைக்கு மயிர் உண்டா, உண்டு. பிறகு இறகு. நான் எதற்கும் வாயடைத்துப் போகிறவன் இல்லை, வாயை வைத்துத்தான் கல்லூரியில் என் பிழைப்பே நடக்கிறது, இதற்கு என்ன சொல்வது, தூசி என்று நாம் விரலில் தட்டிவிடும் அது தூசி இல்லை, ஒவ்வொன்றும் ஓர் ஓடு, கூரை வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாக, ஓர் ஓடு தேன் நிறம், பக்கத்து ஓடு சாம்பல், அடுத்தது நிறமே இல்லாமல் வெளிச்சமாக, இத்தனை ஆயிரத்தையும் யார் உட்கார்ந்து அடுக்கினார்கள், யார் பார்ப்பார்கள் என்று அடுக்கினார்கள்? தலையில் இரண்டு இறகு மாதிரி உணர்கொம்பு, அதில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எண்ணலாம். கண் கறுப்பு இல்லை, உள்ளே பச்சையாக ஏதோ எரிகிறது. பின்னிறகின் ஓரத்தில் ஒன்று, இரண்டு… அக்காவின் விரல் என் தோளுக்கு மேலாக வந்து திரையைத் தொடாமல் நின்றது. "மூணு" என்றாள், சத்தமே வரவில்லை. பிறகு சத்தம் வந்தது. "டேய் மூணுடா! அம்மா, மூணு!" "எது மூணு?" என்றாள் அம்மா. அக்கா போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிக்கொண்டே, "ஓரத்துல என் விரல் விழுந்திருக்கும், அசிங்கமா இருக்கும், அதை வெட்டிட்டு அனுப்புடா" என்றாள்.

வெட்டுவதற்காகக் கீழ்மூலைக்கு நகர்ந்தேன். விரல் இருந்தது, நகம், நகத்தில் அழுக்கு, ரேகைகள் தெரிந்தன, அதன் மேல் சிவப்பாக ஏதோ, கொடியின் பூ என்று நினைத்தேன்… பூவுக்குக் கால் ஏது? எறும்பு. ஒன்றில்லை. தலையைத் தாழ்த்தி வயிற்றைத் தூக்கி, விட மாட்டேன் என்று கடிக்கிற கடி, தோல் இழுபட்டு வெளுத்திருப்பதுகூடத் தெரிகிறது. விரல் ஆடவில்லை. ரேகை ஒவ்வொன்றும் கத்தியால் கீறிய மாதிரி கூர்மை, ஆடியிருந்தால் வருமா? பதினொரு நிமிடத்தில் இது எத்தனையாவது நிமிடம்? குழாயடி, பாக்கெட், மகாராணி நடை… வெட்டினேன், அனுப்பினேன், மூன்று நாற்பது, அனுப்பப்பட்டது என்று வந்தது. பிறகு, வேலை முடிந்த பிறகு, வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.

அடுத்த அறையில் அக்கா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், "ஆமா சார்… மூணும் தெரியுது சார்… இல்ல சார், என் தம்பிதான் எடுத்தான், பதினோரு நிமிஷம் சார், கொஞ்சம்கூட கை ஆடல அவனுக்கு." எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும், கிண்டலாக ஏதாவது, எனக்கு வராததா, வாயைத் திறந்தால் வரும்… நான் எழவில்லை, இருநூறு சதவீதம் அழுத்தினேன், மவுஸ் இரண்டு தடவை நழுவியது. ஐந்து எறும்புகள். நகத்துக்கடியில் தெரிவதும் கால்தான் என்றால், ஆறு.