மூன்றில் ஒன்று

யாசர் பாயின் உயிருக்கு விலை அவருடைய குரல். அதில் பேரமில்லை என்று டாக்டர் ஹெப்ரான் முதலிலேயே சொல்லிவிட்டார். கதிர்வீச்சு கொடுத்த பிறகும் தொண்டைப் புற்று திரும்ப முளைத்திருந்தது. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும். பாய் மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. குரலுக்குத் தலையாட்டியவர், அடுத்ததில் பேரத்துக்கு நின்றார்.

"கதிர் வாங்கின சதை லேசில ஆறாது, பாய். உள்தையல் விட்டா எச்சில் கழுத்தைப் பொத்துக்கிட்டு ஒழுகும். இடது நெஞ்சுச் சதையை ரத்த ஓட்டத்தோட அப்படியே மேல திருப்பி, தையலுக்குப் போர்வையா வச்சிருதேன்."

"மாட்டுக் கயிறு பிடிக்கது இடது கைலா, சார். வலு போயிருமே?"

"கொஞ்சம் குறையும்."

"போர்வை இல்லாட்டி எத்தனை பேருக்கு ஒழுகும்?"

"மூணு பேர்ல ஒருத்தருக்கு."

சந்தையில் முதலில் சொல்லும் விலை எப்போதும் இரட்டிப்பு. பாய் மனதுக்குள் பாதியாக்கினார்: ஆறில் ஒன்று.

"நெஞ்சு இருந்துட்டுப் போகட்டும், சார்."

"நான் கூட்டிச் சொல்லலை, பாய்."

எல்லா வியாபாரியும் சொல்வது அதுதான். பாய் சிரித்துக்கொண்டார்.

அறுவை முடிந்த மறுவாரம் கழுத்துக் கட்டு நனைந்து நாறியது. பிரித்துப் பார்த்த டாக்டர், பாயின் மனைவி கமர் நிஷாவிடம் சொன்னார்: "எச்சில் பெரிய ரத்தக்குழாய்ப் பக்கத்துல நிக்கி. அதை அரிச்சுட்டா ஆளு கிடைக்க மாட்டாரு. இன்னைக்கே நெஞ்சுச் சதை வேணும். இப்போ தோலோட சேத்து, பெருசா."

குரலில்லாத பாய், சந்தையில் விலை பேசுவதுபோல் துண்டை எடுத்து டாக்டரின் கைமேல் போட்டார். உள்ளே டாக்டரின் விரலொன்றைப் பிடித்துப் பாதியாக மடக்கினார்.

"என்னம்மா செய்யுதாரு?"

"பாதிச் சதை போதுமான்னு கேக்காரு, சார்," என்றாள் கமர் நிஷா. "எனக்கு மஹர் பணம் பேசும்போதே எங்க வாப்பா விரலை இப்படித்தான் மடக்குன மனுசன்."

டாக்டர் சிரிக்கவில்லை. முழுசும் வேண்டும் என்று துண்டுக்குள் ஐந்து விரல்களையும் விரித்துப் பாயின் உள்ளங்கையில் அழுத்தினார். பாயின் கண் கலங்கியது. பேரம் முடிந்ததென்று துண்டை உருவிக்கொண்டார்.

பிழைத்தார். கணக்கு இப்படி நின்றது: குரல், பேசிய விலைக்கே போனது. மிச்சம் பிடித்த நெஞ்சுச் சதை, மேலே தோலையும் சேர்த்துப் போனது. இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. தொண்டை சுருங்கி, மூக்குக் குழாயில்தான் கஞ்சி. வரவில் உயிர். ஒரு வாய் சோறு இன்னும் பாக்கி.