துவாரகா மாமியின் இறுதியாட்டம்

1

ஒரு கொண்டாட்ட மண்டபத்தில், பட்டுச் சேலையும் உதட்டுக்குக் கீழே நாடியில் ஆறு தையலுமாக நின்ற ஒருத்தியைப் பார்த்தேன். அந்தத் தையலிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அவள் யாரென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வந்திராது.

2

முதல் தொடக்கம்: ‘துவாரகாவின் விழியோரம் பனி உருகி…’

(வெட்டிவிட்டேன். குடும்பக் காதல் கதைகள் எழுதிப் பழகிய கை. ஐஸ் ஹொக்கியில் விழியெல்லாம் தலைக்கவசத்துக்குள்.)

இரண்டாவது: துவாரகாவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினேழு வருடமாக ரொறன்ரோப் பெண்கள் அணியின் பாதுகாப்பு ஆட்டக்காரி. அதில் பதினொரு வருடம் அணித்தலைவி. பக் என்ற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவளைத் தாண்டிப் போனால் அது செய்தி. வெற்றிக் கிண்ணம் மட்டும் ஒருமுறையும் கைக்கு வரவில்லை. இந்த வருடத்தோடு ஓய்வு.

இது இருக்கட்டும்.

3

துவாரகாவின் தம்பி அன்புராசா, தன் மகள் சுபாங்கி வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுக்கு மில்லிக்கன் பகுதியில் ஒரு வருடம் முந்தியே மண்டபம் பிடித்துவிட்டான். பஞ்சாங்கம் பார்த்தான். வீடியோக்காரரிடம் கேட்டான். ஹொக்கி அட்டவணையை மட்டும் பார்க்கவில்லை.

“மே மாசம் உங்கட ரீம் எப்பயக்கா விளையாடினது?”

“இந்தமுறை விளையாடுது. அதுவும் ஃபைனல்.”

“பகல் மட்ச்தானே, முடிச்சிட்டு ஓடி வா. முதல் ஆராத்தி மாமிதான் எடுக்கோணும். பிள்ளைக்கு வேற மாமி ஆர் இருக்கினம்?”

(அவளுக்கு ஒரு கணவன் வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இடமில்லை.)

4

இறுதியாட்டம் சமநிலை. மேலதிக நேரம். இனி எவர் ஒரு கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடியும். ஐந்து மணி. நல்ல நேரம் ஆறு பத்துவரை. மண்டபத்துக்கு நாற்பது நிமிடக் கார் ஓட்டம்.

இங்கேதான் எனக்கு ஆசை பிடித்தது. துவாரகா ஓர் அங்குலம் விலகினால் போதும். பக் உள்ளே போகும், அவள் சேலை கட்ட ஓடலாம், ஒருவருக்கும் தெரியாது.

‘அவள் காலை மெல்ல…’

விலகவில்லை. மூன்றுமுறை எழுதினேன். மூன்றுமுறையும் குறுக்கே விழுந்து நாடியால் தடுத்தாள். ஆறு தையல்.

5

மண்டபத்தில் சுபாங்கி அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

“மாமி இல்லாமல் ஐ’ம் நொட் கமிங் அவுட், அப்பா. பெரிய ஸ்கிரீன்ல கேமைப் போடுங்கோ, சத்தம் கேக்கட்டும்.”

அவளுடைய குழந்தைப் படங்கள் ஓடவேண்டிய திரையில் இப்போது ஐஸ். எதிரணியாவது கோல் போடட்டும் என்று அன்புராசா நேர்ந்துகொண்டிருந்தான். தையலோடு அக்கா திரும்ப ஐஸில் இறங்கியதைக் கண்டதும் கதிரையில் ஏறி நின்றுவிட்டான்.

“விடாதை அக்கா. ஐயரை நான் பார்க்கிறன்.”

(இந்த வசனத்தை நான் திட்டமிடவில்லை.)

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் கிண்ணம், மற்றதில் ஆராத்தித் தட்டு. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஐந்து இருபத்தொன்பது. எதிரணியின் மட்டையிலிருந்து பக் கிளம்பிவிட்டது. துவாரகா குறுக்கே பாய்ந்துவிட்டாள். மண்டபத்தில் நானூறு பேர் எழும்பி நிற்கிறார்கள். பூட்டிய கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சுபாங்கியும் ஓடி வந்துவிட்டாள்.

நானும் எழும்பிவிட்டேன். நீங்கள் இன்னும் உட்கார்ந்துகொண்டா வாசிக்கிறீர்கள்?