வடித்த தண்ணீர்

என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "பத்து மாடியிலருந்து விழுந்தாலும் பொழைச்சுக்குவேன், இவ வாயில விழுந்தா எந்திரிக்க முடியாது" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு அந்த வாயைத்தான் அவருக்குக் காவலாக வைத்தேன்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நடுவில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். "பொட்டாசியம் ரத்தத்துல ஏறினா இதயம் நின்னுடும்மா. காயெல்லாம் நிறைய தண்ணியில வேகவெச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிடுங்க, பொட்டாசியம் அதுலதான் இறங்கியிருக்கும். கீரை வேண்டாம். முருங்கைக்கீரை வேண்டவே வேண்டாம்."

எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலோ தழைத்து நிற்கிற முருங்கை மரம். வீட்டுக்குள்ளே அண்ணி. என் வீட்டுக்காரருடைய அக்கா; நான் துணிக்கடை வேலைக்குப் போகிற நேரத்தில் தம்பிக்குத் துணையாக இருக்க வந்தவர். முருங்கைக் கிளையைத் தொட்டால் ஒடிந்துவிடும், அண்ணியை ஒடிக்க முடியாது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, கண்ணுக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது என்று அந்த இலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. மகள் பிறந்தபோது ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடந்த என்னை, மாதக்கணக்கில் முருங்கை இலை சூப் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தவர் அவர்தான். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு. அண்ணி அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

"ஊருக்கெல்லாம் ஆகுற கீரை என் தம்பிக்கு மட்டும் ஆகாதா?"

"ஆகாது அண்ணி. உசுரு போயிடும்."

"சரி, விடு. ஆனா இலையே சேக்காம எப்படி ரத்தம் ஊறும்?"

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். ஒரு நாள் பொறுமையிழந்து, "அந்த இலைய என் அடுப்புல பாத்தேன், மரத்தையும் வெட்டிடுவேன், உங்களையும் அனுப்பிடுவேன்" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அண்ணி கீரைப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

காலையில் காயை வேகவைத்து, தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்துத் தொட்டியோரம் வைத்துவிட்டுப் போவேன். கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால் பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆறியதும் அண்ணி கொட்டியிருப்பார் என்று நான் வேறு வேலை பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை விடிந்ததும், காலைத் தூக்க முடியவில்லை என்றார் என் வீட்டுக்காரர். ஆட்டோவிலேயே மூச்சு வாங்கியது. "பொட்டாசியம் எக்கச்சக்கமா இருக்கே, என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டர். "ஒண்ணுமே குடுக்கல டாக்டர், என் பொண்ணு மேல சத்தியம்" என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணியும் தலையாட்டினார். மெஷினில் போடுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. பத்தியம் தப்பாத வீட்டில் இது எப்படி நடந்தது என்று, அழக்கூட மறந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் போய் வீடு வெறிச்சோடிய பிறகு, சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணி அடுப்பருகே நின்றபடியே பேசினார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. திட்டாத. நீ தினம் வடிச்சு வெக்கிற தண்ணி இருக்கே, அத்தனையும் சத்து. சாக்கடைக்குப் போறதப் பாக்க எனக்குப் பொறுக்கல. அதுலயே முருங்கை இலைய ரெண்டு கை போட்டுக் கொதிக்க வெச்சு, மத்தியானம் ஒரு டம்ளர் குடுத்துட்டு இருந்தேன். அவனுக்கும் பாவம், தாகம். அளந்து அளந்துதானே தண்ணி குடுக்குறோம். மடக்கு மடக்குனு குடிப்பான். 'அவகிட்ட சொல்லிடாதக்கா'ன்னு அவனே சொன்னான். உன் வாய்க்குப் பயந்து ரெண்டு பேரும் மறைச்சோம்."

மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"அந்த ஒரு டம்ளராலதான் இத்தன நாளாவது இருந்தான். இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நான் வாயைத் திறந்தால் அவர் அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு உண்ண மாட்டார். எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை, இன்றைக்கும் இருக்கிறது. அவர் மேலும், எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டுப் போன மனிதர் மேலும்.

"ஆமா அண்ணி" என்றேன். "உங்களாலதான் இருந்தாரு."

அண்ணி குனிந்து என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். மகள் பிறந்த சமயத்தில் தினமும் அப்படித்தான் பார்ப்பார்.

"ரத்தமே இல்ல உனக்கு" என்று சொல்லி, அடுப்பிலிருந்து இறக்கி ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். பச்சை நிற முருங்கை இலை சூப்பில் ஆவி பறந்தது. "குடிம்மா. நீயாவது தேறணும்."

வாங்கிக் குடித்தேன். என் உடம்புக்கு அது நல்லதுதான்.