ஓட்டையில்லாத பட்டன்கள்

தெருவே அவரைக் ‘கச்சிதம்’ என்றுதான் கூப்பிடும். அவர் தைத்த சட்டைக்குள் ஆள் மூச்சுவிடத் திணறினாலும் “கச்சிதமா இருக்கு” என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட தையல்காரரின் குடலில் ஒரு கட்டி கிளம்பி, கல்லீரல்வரை கிளை விட்டிருந்தது.

நியூரோஎண்டோகிரைன் கட்டியாம். பேரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றினார்கள். கூடவே இரண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் ஒரு வெள்ளை மாத்திரை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி அது. மாத்திரையில் குளறுபடி செய்தால், எட்டு வாரம் கழித்துப் போடவேண்டிய அடுத்த ஊசி கிடைக்காமலே போகலாம்.

ஆளின் தொழிலைத் தெரிந்துகொண்டு நர்ஸ் விளக்கினாள்: “கட்டி மேல வளையம் வளையமா இருக்கு. மருந்துல கொக்கி இருக்கு. போய் மாட்டிக்கிட்டு உள்ளயே கிழிக்கும். கட்டி சும்மா இருக்குமா? கிழிஞ்சதைத் தைக்கப் பாக்கும். தைக்க விடாம பண்றதுதான் மாத்திரை.”

மனுஷரின் முகம் சுண்டிவிட்டது. தைக்க விடாத மாத்திரையா!

சில நாளைக்கு யாரும் இரண்டு மீட்டருக்குள் வரக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். கடையிலிருந்த டேப் ஒன்றரை மீட்டர்தான். மனைவி இன்னொரு டேப்பை அதோடு சேர்த்துப் பிடித்து அளந்து, தையல் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டாள். உள்ளறையில் மெஷினோடு அவர். முன்னால் கல்லாவில் இவள்.

வியாழன் மதியம், தைத்து முடித்த ஒரு நீலச் சட்டைக்கு வெள்ளைப் பட்டன் ஒன்று குறைந்தது. கச்சிதம் பாத்ரூமில் இருந்தார். நிறையத் தண்ணீர் குடி, இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ணு என்று உத்தரவு, சீக்கிரம் வரமாட்டார். மனைவி உள்ளே போய்ப் பட்டன் டப்பாவை எடுத்து வந்தாள். அதிலிருந்து ஒன்றை வைத்துக் குத்தினால், ஊசி இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். ஓட்டையே இல்லை. கிளறினால் இன்னும் நாலு.

“ஏங்க, இது என்ன புது மாடல் பட்டனா?”

கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர் திருதிருவென்று விழித்தார். “செவ்வாக்கிழமை விடிஞ்சதும் விரல்ல ஊசி குத்திடுச்சு. ரத்தம் லேசுல நிக்கல. மாத்திரை என் விரலையும் தைக்க விடலையோன்னு, அன்னையிலேர்ந்து முழுங்காம இதுல போட்டுட்டேன். விரல் போனா தையல்காரன்கிட்ட என்ன இருக்கு?”

“ஆளே போயிட்டா விரலை மட்டும் வச்சு நான் என்ன பண்றது? ஷோகேஸ்ல வைக்கவா?” என்றாள். சிரிப்பாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது. கோட்டைத் தாண்டப்போன காலை இழுத்துக்கொண்டு, நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“ஐயையோ, அஞ்சையும் சேத்து முழுங்கிடப் போறாரு! விட்டது விட்டதுதான். சாயங்காலத்துலேர்ந்து வழக்கம்போல ஒண்ணு. கிழிசல் பெரும்பாலும் கட்டியிலதான், விரல்ல இல்லன்னு சொல்லுங்க. நாளைக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். இனிமே சந்தேகம் வந்தா என்னைக் கேக்கச் சொல்லுங்க, பட்டன் டப்பாவை இல்ல. அந்த அஞ்சையும் தூக்கிப் போடாம வச்சிருந்து, அடுத்த ஊசிக்கு வரும்போது கொண்டு வாங்க.”

மறுநாள் டெஸ்டில் ரத்தம் சரியாகவே இருந்தது. அன்றிலிருந்து வேளை தவறாமல், மனைவி கண்ணெதிரே மாத்திரை உள்ளே போனது. விழுங்கியதும் வாயைத் திறந்து வேறு காட்ட வேண்டும்.

எட்டாவது வாரம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கச்சிதத்தின் சட்டை நனைந்துவிட்டது.

“கொஞ்சம் சுருங்கியிருக்கு. அஞ்சு வேளை விட்டதை எழுதிக்கறோம். ஊசி உண்டு.”

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸ் மிச்ச மாத்திரைகளை மேஜையில் கொட்டி எண்ணினாள். புருவம் ஏறியது.

“அஞ்சுதானே சொன்னீங்க? ஆறு இருக்கே!”

ஆறாவதில் நாலு ஓட்டை இருந்தது.

“அது நீலச் சட்டையோடது. எட்டு வாரமா நான்தான் தொலைச்சேன்னு திட்டிக்கிட்டு இருக்காரு!” என்றாள் மனைவி.