கணினி அறையில் மஞ்சள் தண்ணீர்

“எழுந்திருடி! சொல்றது காதுல வுழல? எழுந்திருடின்றேன்!”

தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரையில் இருந்த கேள்வியைப் படித்துக்கொண்டிருந்த சரிதாவின் தோளைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கினாள் வார்டன் அமிர்தவல்லி. தட்டச்சுச் சத்தம் பட்டென்று நின்றது. அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மேடம், டெஸ்ட் நடக்குது மேடம். டைம் ஓடுது” என்றாள் சரிதா.

“டெஸ்டாம் டெஸ்டு! பின்னாடி தொட்டுப் பாருடி மொதல்ல. சரஸ்வதி இருக்கற எடத்துல தூரத்தோட வந்து உக்காந்துகினு கீறியே, நீயெல்லாம் பொண்ணா?”

சரிதா தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது, அவளுக்குத்தான் காலையிலேயே தெரியுமே. பழைய சுடிதாரைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். அந்தத் துணி அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வெளிர்நிற உடுப்பில், நாற்காலி உறையில், சின்னதாக ஒரு கறை. அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை கூச்சல்.

அந்த இடத்தின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை விட்டு உள்ளே போனால் ‘நிறைகுடம் பெண்கள் இல்லம்’ என்று பெரிய பலகை இருக்கும். சுற்றுக் கிராமங்களில் அப்பன் செத்தது, ஆத்தாள் ஓடினது, இருந்தும் சோறு போட வக்கில்லாதது என்று வந்து சேர்ந்த பெண்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். நடத்துகிறவர் செயலாளர் விஜயராகவன். “எங்க தாத்தா வெள்ளக்காரன் காலத்துல மேரி ஆபீசுல இருந்தவரு” என்று நகராட்சிக் கட்டடத்தைத் தன் பூர்வீகச் சொத்துபோல் பேசுகிறவர். தட்டாஞ்சாவடியில் இருக்கும் ஒரு கம்பெனி, இந்தப் பெண்கள் கணினி கற்றுக்கொள்ளட்டும் என்று வரிசையாக மெஷின்களை வாங்கிக் கொடுத்தது. கற்றுக்கொடுக்க பிரிஸ்கில்லா என்ற இளம் ஆசிரியையையும் அமர்த்திக் கொடுத்தது.

விஜயராகவன் என்ன செய்தார்? திறப்பு விழா அன்று ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நிலைப்படியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சுவரில் ஆளுயரச் சரஸ்வதி படம் மாட்டி, “இது கம்ப்யூட்டர் ரூம் இல்ல, சன்னதி” என்று ஒரே போடாகப் போட்டார். கைதட்டினார்கள். சன்னதி என்று ஆனபிறகு சன்னதிக்கான சட்டமும் வந்து சேர்ந்தது. செருப்பு கூடாது. குளிக்காமல் கூடாது. மாதவிலக்கு என்றால் ஐந்து நாள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

யாருக்கு விலக்கு என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அமிர்தவல்லி இருக்கிறாளே. இல்லத்துக்கு வரும் நாப்கின்களை எல்லாம் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். வேண்டும் என்றால் அவளிடம் போய்க் கைநீட்ட வேண்டும். கொடுத்த கையோடு, “பூர்ணிமா தூரம்! கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாது!” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். சமையல்காரன் முதல் தண்ணீர் லாரிக்காரன் வரைக்கும் அந்தப் பெண்ணின் உடம்பு விவரம் தெரிந்துவிடும். அடச்சீ, என்ன பிழைப்பு இது!

பெண்களுக்குப் பாடம் முக்கியமாகப் பட்டது. அதனால் கைநீட்டுவதை விட்டுவிட்டார்கள். பழைய துணியைக் கிழித்தார்கள், ஈரம் காயாமலேயே மறுபடி வைத்துக்கொண்டார்கள், அடிவயிற்றில் எரிச்சல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார்கள். பீரோ நிறைய நாப்கின் இருக்க, இவர்கள் தொடையில் புண்ணோடு எக்செல் படித்தார்கள். பிரிஸ்கில்லா ஒருமுறை செயலாளரிடம் போய்க் கேட்டும் பார்த்தாள். “உங்க சர்ச்சுல உங்க பழக்கம், இங்க எங்க பழக்கம். நீ பாடம் நடத்துனா போதும்மா” என்று அனுப்பிவிட்டார்.

சரிதா ஒரு வகுப்பைக்கூட விட்டதில்லை. விட முடியாது. பிளஸ் டூ முடிந்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் இல்லத்தில் இருக்க முடியாது. பாகூர்ப் பக்கம் இருக்கும் தாய்மாமன் கன்னியப்பன், தன் பெண்டாட்டியின் தம்பிக்கு அவளைக் கட்டிவைப்பதாக வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறான். அந்தத் தம்பிக்குக் காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும். தப்பிக்க இருந்த ஒரே வழி இந்தத் தேர்வு. ஜெயித்தால் அந்தக் கம்பெனியே வேலை கொடுக்கும், தங்கவும் இடம் கொடுக்கும். அந்தத் தேர்வில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

“இன்னும் கொஞ்ச நேரம் மேடம். முடிச்சிட்டு நானே ரூம முழுசா கழுவி வுட்டுடறேன். கால்ல வேணா வுழறேன் மேடம்” என்று கெஞ்சினாள் சரிதா.

“வார்டன் மேடம், எழுந்தா டெஸ்ட்டு க்ளோஸ் ஆயிடும்” என்று குறுக்கே வந்தாள் பிரிஸ்கில்லா.

“நீ சும்மா இரும்மா!” அமிர்தவல்லி சரிதாவின் பின்னலைப் பிடித்து வராந்தாவில் தள்ளினாள். அதோடு விட்டாளா? ஒரு குண்டான் நிறைய மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைக் கொத்தும் கொண்டுவந்தாள். பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே, மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மேசை, நாற்காலி, கீபோர்டு என்று பார்க்காமல் வீசித் தெளித்தாள்.

“மேடம், கரண்டு! கரண்டு!” என்று பிரிஸ்கில்லா அலறினாள்.

மேசைக்கு அடியில் கிடந்த மின்பலகைக்குள் தண்ணீர் இறங்கியது. டப் என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். எல்லாத் திரைகளும் ஒன்றாக அணைந்தன. பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாதது அவர்கள் செய்த புண்ணியம்.

கொஞ்ச நேரத்தில் விஜயராகவன் காரில் வந்து இறங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். தரையில் தேங்கிய மஞ்சள் தண்ணீரும் கையில் வேப்பிலையோடு நின்ற அமிர்தவல்லியும் அவர் கண்ணில் படவே இல்லை. தூண் ஓரம் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்ற சரிதாதான் பட்டாள்.

“பாத்தீங்களா? தீட்டு பட்டதும் மெஷினு செத்துடுச்சி. நான் இன்னா வெளையாட்டுக்கா சட்டம் போட்டு வச்சிருக்கேன்?”

“தண்ணி பட்டு ஷார்ட் ஆச்சு சார்” என்றாள் பிரிஸ்கில்லா.

“தண்ணி ஏம்மா தெளிக்க வேண்டி வந்துச்சி? அத சொல்லு.” அவர் சரிதாவின் பக்கம் விரலை நீட்டினார். “இவ பேர எடுத்துடு. ஒழுக்கம் இல்லாததுங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? அவ மாமனுக்குப் போன் போட்டு வந்து கூட்டிக்கினு போவச் சொல்லு.”

சரிதாவுக்கு அழுகை வரவில்லை. மூணு வருஷமாகப் புண்ணைப் பொறுத்துப் படித்தவளுக்கு ஒழுக்கம் இல்லையாம். தண்ணீரைக் கரண்டில் ஊற்றியவளுக்கு இருக்கிறதாம்.

கம்பெனிக்கு ‘வோல்டேஜ் கோளாறு’ என்று சொல்லப்பட்டது. அவர்கள் நல்லவர்கள், நம்பினார்கள். மெஷின்களைச் சரிசெய்து கொடுத்து, அடுத்த வாரம் மறுதேர்வு என்றார்கள். இந்த முறை அதிகாரி ஹேமலதா நேரில் வருகிறார், படமும் எடுப்பார்கள் என்று தகவல் வந்தது. விஜயராகவன் புது சில்க் ஜிப்பா தைக்கக் கொடுத்தார்.

மாமன் வரும்வரை, அந்த வாரம் முழுக்கச் சரிதாவுக்குத் தோட்டத்துக் குழாயடிதான் இடம். சாப்பாட்டுத் தட்டும் தனி. அவளோடு பேசினால் பேசியவளுக்கும் வகுப்பு கிடையாது என்று உத்தரவு. ஆனாலும் துணி துவைக்கும் சாக்கில் பூர்ணிமா வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். வாய்த்துடுக்குக்காரி, பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிறவள்.

“இன்னாடி பண்ணப் போற?”

“இன்னா பண்றது? மாமா வந்துட்டா போவ வேண்டியதுதான்.”

“நாங்க ஒண்ணு பேசி வச்சிருக்கோம். நீ பையத் தூக்கிக்கினு அவசரமா கெளம்பிடாத. அது போதும்.”

மறுதேர்வு நாள் காலை. நிலைப்படிக்கு மாவிலை, சரஸ்வதிக்குப் பெரிய ரோஜா மாலை. கேட்டுக்கு வெளியே கன்னியப்பன் டி.வி.எஸ். வண்டியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். சரிதா துணிப்பையோடு வராந்தாத் தூண் ஓரம் நின்றாள்.

முதலில் பூர்ணிமா பீரோ அருகே போனாள். “மேடம், நாப்கின்.”

“இன்னிக்கா? சனியனே, இன்னிக்குப் பாத்தா வரணும்? போ, போய்க் குழாயாண்ட உக்காரு.” ஒன்றை எடுத்து வீசினாள் அமிர்தவல்லி.

அடுத்து சுமலதா. “மேடம், எனக்கும்.”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அமிர்தவல்லி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தேர்வு எழுத வேண்டிய அத்தனை பேரும் ரேஷன் கடையில் நிற்கிறமாதிரி வராந்தாவில் வரிசையாக நின்றார்கள்.

“இன்னாடி இது? எல்லாம் பேசி வச்சிக்கினு வந்தீங்களா?”

“பேசி வச்சா வர்றதா மேடம் இது?” என்றாள் பூர்ணிமா.

“பொய்யி! அத்தினியும் பொய்யி!”

“சரி மேடம், பொய்யின்னே வச்சிக்கோங்க. உள்ள போய் உக்காந்துடறோம். அப்புறம் மெஷினு செத்துட்டா எங்களச் சொல்லக் கூடாது.”

அமிர்தவல்லி வரிசையை இன்னொருமுறை பார்த்தாள். பொய் என்று அனுப்பிவிட்டு நிஜமாக இருந்துவிட்டால்? அவள் அந்தத் தீட்டை உண்மையிலேயே நம்புகிறவள். வயசுக்கு வந்த நாளில் மாட்டுக்கொட்டகையில் தனியாகக் கிடந்து அழுததை மறந்துவிட்டு, அந்தப் பயத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். ஒவ்வொருத்திக்கும் எடுத்துக் கொடுத்தாள். வாங்கினவர்கள் நேராகக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

சொன்ன நேரத்துக்கு ஹேமலதா வந்துவிட்டார். விஜயராகவன் பொன்னாடை போர்த்தி அறைக்குள் அழைத்துப் போனார். எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லா நாற்காலிகளும் காலியாக இருந்தன.

“பொண்ணுங்க எங்க சார்?”

“இதோ மேடம், வந்துடுவாங்க. சாமி கும்புட்டுக்கினு வர்றாங்க.” வெளியே ஓடி வந்தவர் அமிர்தவல்லி சொன்னதைக் கேட்டதும் முகம் கறுத்தார். புது ஜிப்பா நனைகிற அளவுக்கு வியர்த்தது. குழாயடிக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “இன்னாங்கடி, மானத்த வாங்கறீங்களா? எழுந்து உள்ள போங்க.”

“நாங்க தூரம் சார்” என்றாள் சுமலதா.

“இன்னிக்கு ஒரு நாளைக்குப் பரவால்ல. சாமி மன்னிச்சிடும்.”

“போன வாரம் மன்னிக்கலியே சார். மெஷினையே சாவடிச்சிடுச்சே” என்றாள் பூர்ணிமா. “சரிதாவ உள்ள வுடுங்க. அவ போனா நாங்களும் போறோம்.”

அறை வாசலில் ஹேமலதா வந்து நின்று இந்தப் பக்கம் பார்ப்பது தெரிந்தது. விஜயராகவன் பாவம், எத்தனை நேரம்தான் சிரித்துச் சமாளிப்பார்! சரிதாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். “சரி, போய்த் தொல. நீயும் போ.”

சரிதா பையைக் கீழே வைத்தாள். ஆனால் நகரவில்லை.

“ஒழுக்கம் இல்லன்னு எல்லாரும் கேக்கறாப்ல சொன்னீங்க சார். இப்பவும் எல்லாரும் கேக்கறாப்ல சொல்லுங்க. தீட்டு இல்லன்னு சொல்லுங்க.”

“ஏய்...”

“வார்டன் மேடம் காதுல வுழணும் சார்.”

ஹேமலதா வராந்தாவில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார். விஜயராகவன் அவரை ஒரு பார்வை பார்த்தார், சரிதாவை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “தீட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எல்லாம் உள்ள போங்க!”

இத்தனை வருஷத் தீட்டு, படம் பிடிக்க ஆள் வந்ததும் ஒரு நொடியில் செத்துப்போனது. பீரோச் சாவியை இறுக்கிப் பிடித்தபடி அமிர்தவல்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

பெண்கள் எழுந்து போனார்கள். மஞ்சள் கறை இன்னும் போகாத கீபோர்டின் முன்னால், இழுத்துத் தள்ளப்பட்ட அதே நாற்காலியில் சரிதா உட்கார்ந்தாள். “பேர் இருக்காது மிஸ்” என்றாள்.

“இருக்கு. நான் எடுக்கல” என்றாள் பிரிஸ்கில்லா, அவள் காதோரம்.

வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த ஹேமலதா நின்றார். வாங்கிவந்த ஒவ்வொருத்தியின் கீபோர்டுக்கும் பக்கத்தில், பேனா வைக்கிறமாதிரி, ஒரு நாப்கின் பிரிக்காமல் இருந்தது. உண்மையில் அன்றைக்கு அவர்களில் ஒருத்திக்கும் அதன் தேவை இல்லை.

“இது எதுக்கும்மா இங்க?”

விஜயராகவன் அவசரமாகக் குறுக்கே வந்தார். “சின்னப் பசங்க மேடம், வெளையாட்டுத்தனம்...”

“வெளையாட்டு இல்ல மேடம்” என்றாள் சரிதா. “இத கேக்காம இருந்தா புண்ணு வருது. கேட்டுட்டா இந்த ரூமுக்குள்ள வுட மாட்டாங்க. இன்னிக்குத்தான் ரெண்டும் ஒண்ணா கெடச்சிச்சி. அதான் எடுத்தாந்து வச்சோம்.”

ஹேமலதா பொன்னாடையைக் கழற்றி மடித்து விஜயராகவனின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சரிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். “மொதல்ல டெஸ்ட முடிங்க. அப்புறம் நான் எல்லாத்தையும் கேக்கறேன்.”

கேட்டுக்கு வெளியே கன்னியப்பன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சரிதா திரும்பிப் பார்க்காமல் முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள்.