இடது கால்

“அவிழ்த்துடுங்க,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

டயர் கடைக்காரர் கையிலிருந்த கம்பளி நூல் காலுறையைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பில் ஊசியிலிருந்த அறுபது பின்னல் கண்ணிகளையும் பிரியாதபடி ஒவ்வொன்றாக மூடியிருந்தார். பார்வைக்கு என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய வீங்கிய குதிகாலில் வந்து முட்டிக்கொண்டு, அதற்குமேல் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

“கொஞ்சம் இழுத்தா ஏறிடும்.”

“என் கால் என்ன லாரிச் சக்கரமா, நெம்பி ஏத்துறதுக்கு?”

துணி மடித்துக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். மருத்துவமனையிலிருந்து அம்மாவை அழைத்துவந்த நான்கு நாளில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

இதயம் தளர்ந்துபோனதிலிருந்து கால் வீங்கி, எந்நேரமும் சில்லிட்டுக் கிடந்தது. கடையில் விற்கிற காலுறை எதுவும் சேரவில்லை. தனக்குத் தானே பின்னிக்கொண்டாள். வலது கால் முடிந்தது. இடது காலில் விளிம்பை மூடுவது மட்டும் பாக்கி இருந்தபோது, கோர்ட்டில் ஓயாமல் டைப் அடித்த அந்த விரல்கள் ஊசியைப் பிடிக்க மறுத்துவிட்டன. அவருக்கும் பின்னத் தெரியும். கடையில் ஆள் வராத நேரங்களில் இரண்டு மப்ளர் முடித்தவர்தான். ஆனால் எதை மூடினாலும் போல்ட்டை முடுக்குவதுபோல முடுக்கிவிடுவார்.

அவிழ்த்தார்.

“ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னாடி நூலை ஊசி மேல ஒரு சுத்து சுத்துங்க. கண்ணியைப் பின்னினதும் அந்தச் சுத்தைத் தூக்கி அதுக்கு மேலயே போட்டுடுங்க. அப்புறம் எப்பவும்போல மூடுங்க.”

“நடுவுல அந்தச் சுத்து எதுக்கு? நூல்தான் வீண்.”

“அந்தக் கொஞ்ச நூல்தான் இழுக்கும்போது விட்டுக்கொடுக்கும்.” மூச்சு வாங்கியது. “விட்டுக்கொடுத்தா உங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது.”

“கல்யாணமான நாள்லேர்ந்து வேற என்ன பண்றேனாம்?” என்று மகளிடம் முறையிட்டார்.

“என்னை இழுக்காதீங்கப்பா.”

முன்பக்கம் பார்த்த நேர்க்கண்ணிக்கு நூலை ஒரு பக்கமாகவும், பின்பக்கம் பார்த்த அடுத்த புறக்கண்ணிக்கு மறுபக்கமாகவும் சுற்ற வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு போனதும் கை வழிக்கு வந்தது. “சுத்து, பின்னு, தூக்கு, மூடு,” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பவள்போல அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் “ம்” நின்றது. தலை நிமிராமல் இன்னும் இரண்டு கண்ணிகளை மூடினார். மகள் துணியைப் போட்டுவிட்டு வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டாள்.

“அப்பா...”

“தெரியுதும்மா.”

டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் வாசலில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தாள். மூன்று மணிக்கு, அவர்கள் வந்துசேரும்வரை வைத்திருக்க மருத்துவமனைக் குளிரறைக்கு எடுத்துப்போக வண்டி வந்தது. டிரைவரும் இன்னொருவரும் அறைக்குள் வந்தபோது அவர் அதே நாற்காலியில் அதே ஊசியோடு இருந்தார்.

“இன்னும் பதினோரு கண்ணி இருக்கு,” என்றார்.

“அவங்க காத்திருக்காங்கப்பா. விட்டுடுங்க.”

“ஒத்தக் காலுக்கு மட்டும் போட்டு எப்படிம்மா அனுப்புறது? சில்லுன்னு இருக்குமே.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். டிரைவர் தொப்பியைக் கழற்றினார். “முடிங்க சார். நாங்க வெளில இருக்கோம்.”

கண்ணிகள் கலங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றையும் அவசரப்படுத்தாமல் பதினொன்றையும் மூடி நூலை நறுக்கினார். பாதத்தை மடியில் வைத்துக் காலுறையை மாட்டினார். விளிம்பு அகலமாக விரிந்து, குதிகாலைத் தாண்டி, கணுக்காலுக்கு மேலே பதமாகச் சுருங்கி உட்கார்ந்தது. உள்ளே ஒரு விரலை விட்டுச் சுற்றிவரப் பார்த்தார்.

“இறுக்கலையே?” என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மகள் அருகில் வந்து குனிந்து பார்த்தாள். “இல்லப்பா.”

வண்டிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் தலைமாட்டுக்குப் போனார். டிரைவர் கால்மாட்டுக்கு வந்தார்.

“இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன்,” என்றார் டயர் கடைக்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.